மறுத்தார் என்று எழுதினார்கள்

என் மச்சான் அமெரிக்காவில் இருக்கிறார். போன மாதம் கைத்தொலைபேசியில் என்னை அழைத்துத் திரையில் ஒன்றைக் காட்டினார். அவருடைய மாவட்டத்து மறியற்சாலையின் இணையப் பக்கமாம். ஒரு பெயரை அடித்தால் போதும். பிடிபட்ட ஆளின் முகம், எப்போது உள்ளே கொண்டுவந்தார்கள், என்ன குற்றச்சாட்டு, எவ்வளவு பிணை, எல்லாம் வந்து விழுகிறது. குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்ட பக்கத்து வீட்டுக்காரனின் படத்தை மச்சான் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியளே அத்தான், கண் மூடித் திறக்க முன்னம் ஆளைப் பிடிச்சிட்டன். உங்கட டென்மார்க்கிலை இப்பிடி இருக்கோ?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஆரும் ஆரையும் பாக்கலாம் எண்டு சந்தியிலை கட்டி வைக்கிறதும் அநியாயம். கட்டின புருசனுக்கே காட்டமாட்டம் எண்டு ஒளிச்சு வைக்கிறதும் அநியாயம்” என்றேன்.

“உங்களுக்கு எல்லாத்திலையும் கோவம்” என்று சொல்லிவிட்டு மச்சான் தொலைபேசியை வைத்தார்.

ஓம், கோபம்தான். பொலிசுக்கும் நீதிமன்றங்களுக்கும் முப்பது வருடத்துக்குக் கிட்ட மொழிபெயர்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மற்றவர்களின் கோபத்தையெல்லாம் சூடு குறையாமல் மற்ற மொழியில் ஊற்றிக்கொடுத்துவிட்டு, என்னுடையதை மட்டும் விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் தங்கள் குசினியில் இருந்தபடியே திரையில் மொழிபெயர்க்கிறார்கள். விசாரணை முடிந்ததும் திரை அணைந்துவிடுகிறது. எதிரே இருந்தவர் கோப்பியைக் குடித்தாரா, குடிக்காமல் விட்டாரா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் மறியலில் கிடக்கும் ஒரு ஆளை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர்களில் ஒரு பிள்ளை அண்மையில் என்னைக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எனக்கு டேனிஷ் சொல்லித் தந்தது பள்ளிக்கூடம் அல்ல, மீன் தொழிற்சாலை. ஓல்போர்க் பக்கத்தில், மீன் வெட்டும் மேசையில், எனக்குப் பக்கத்தில் இங்கர் என்றொரு மனுசி நின்றாள். அவள் வாயைத் திறந்தால் பழமொழி. “பனிக்கட்டியில் மாடு இல்லை” என்பாள். பயப்பட ஒன்றுமில்லை என்று பொருள். குளம் உறைந்து கிடக்கும்போது மாட்டின் பின்பக்கமாவது கரையில் இருந்தால் கவலை இல்லையாம். நான் பதிலுக்கு, “கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடான்” என்பதை அவளுக்கு விளங்கப்படுத்தப் படாத பாடு படுவேன். பூசாரியைப் பாதிரியார் ஆக்கினால்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்படியே மீன் செதிலோடு செதிலாகப் பேச்சு ஒட்டிக்கொண்டது. பிறகு எல்லைக்குக் கிட்ட ஒரு சிறு நகரத்துக்கு வந்தேன். அங்கே பொலிசுக்குத் தமிழ் தெரிந்த ஒரு வாய் தேவைப்பட்டது. என்னை அழைத்தார்கள். அவ்வளவுதான் என் பயிற்சி.

எண்பதுகளின் கடைசி வருடங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அகதியாக ஏற்கப்பட்டவர் தன் மனைவியையும் பிள்ளைகளையும் அழைப்பது அப்போது சட்டம் தந்த உரிமை. யாரும் இரங்கிக் கொடுக்கும் பிச்சை அல்ல. ஆனால் இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லி மேலிடத்துக் கட்டளை. அது எங்களுக்குத் தெரியாது. கேட்டால் “பரிசீலனையில் உள்ளது” என்பார்கள். அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்தது, இங்கே பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் எல்லாம் வெளியே வந்து, அரசாங்கமே கவிழ்ந்து, அமைச்சர் ஒருவர் நீதிமன்றமும் ஏறினார். பூசாரி பிடிபட்ட கதை ஊருக்கெல்லாம் தெரியும். வரம் கிடைக்காமல் வாசலில் நின்றவர்களின் கதைதான் தெரியாது.

காத்திருந்து களைத்த பெண்கள் சிலர் கடைசியில் முகவர்களைப் பிடித்து, ஆரோ ஒருத்தியின் கடவுச்சீட்டில் புறப்பட்டார்கள். அவர்களில் சிலர் எல்லையில் பிடிபட்டார்கள். அங்கேதான் என் வேலை தொடங்கும்.

ஒரு ஆள் பிடிபட்டால் எப்படித் தேடுவது? முதலில் ஆளின் பெயர் தெரியவேண்டும். சிரிக்காதீர்கள். ஒரே அறையில் நாலு வருடம் சேர்ந்திருந்தவர்கள் என்னிடம் வந்து, “அண்ணை, எங்கட கட்டையனைப் பிடிச்சுக் கொண்டு போட்டாங்கள்” என்பார்கள். “கட்டையனுக்கு அப்பா அம்மா வைச்ச பேர் என்ன?” என்றால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். “தம்பிராசான்ர தம்பி அண்ணை. கொஞ்சம் கட்டை.” பொலிசில் போய்க் கட்டையன் இருக்கிறாரா என்று கேட்கமுடியுமா?

பெயர் தெரிந்தாலும் தொலைபேசியில் சொல்லமாட்டார்கள். பிடிபட்டவரின் மானம் அவருடையது, அதைக் கண்டவனுக்கும் சொல்லக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். மச்சானின் இணையப் பக்கத்தைப் பார்த்த பிறகு அதன்மேல் மரியாதை கூடித்தான் இருக்கிறது. பிடிபட்டவர் விரும்பினால் தன் உறவினருக்கு அறிவிக்கச் சொல்லலாம். பொலிஸ் அறிவிக்கும். ஆனால் யாருக்கு என்று அவர் பெயர் சொல்லவேண்டும்.

இவை எதுவும் சரிவராவிட்டால் ஒரு வழி உண்டு. பிடித்த ஆளை ஒரு நாளுக்குள் நீதிபதியின் முன் நிறுத்தியே ஆகவேண்டும். அந்த விசாரணை பெரும்பாலும் திறந்த விசாரணை. யாரும் போய்ப் பின்னால் போட்டிருக்கும் வாங்கில் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே கோயிலில், மாதா கோயிலில், பிறந்தநாள் வீட்டில், என்னைக் கேட்ட எல்லாருக்கும் நான் ஒன்றைத்தான் சொல்வேன்: “காலமை நீதிமன்றத்துக்குப் போய் இருங்கோ. கதவு திறந்த கதவு.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள்.

எனக்கு மேலே ஹோல்கர் என்றொரு பொலிஸ் அதிகாரி இருந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். குரல் உயர்த்தமாட்டார். விசாரணை அறைக்குள் வந்தால் முதலில் தட்டச்சுப் பொறியை மேசை விளிம்புக்கு நேராக வைப்பார். பிறகு வெந்நீர்ப் போத்தலில் இருந்து மூன்று கோப்பைக்குக் கோப்பி ஊற்றுவார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பிடிபட்டவருக்கு ஒன்று. இரண்டு விரலால் அடிப்பார். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்துக் காட்டி, “சரியா?” என்று கேட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார். என்னிடம் அவர் அடிக்கடி சொல்வது இது: “சொன்னதை மொழிபெயர். நினைத்ததை அல்ல.”

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். இங்கே அதுதான் வழக்கம், அமைச்சரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வரவில்லை. என்னைவிட மூத்த மனிதர், பொலிஸ் அதிகாரி, அவரை எப்படி ‘ஹோல்கர்’ என்று நாலு பேர் முன்னால் கூப்பிடுவது? ஒரு வருடத்துக்கு மேல், அவருடைய கவனத்தைத் திருப்ப வேண்டுமானால் இருமுவேன். “உனக்கு நெஞ்சில் ஏதும் வருத்தமா?” என்று ஒருநாள் கேட்டார். விளங்கப்படுத்தினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அதன்பிறகு நான் இருமினால், “என்ன, என் பெயரைச் சொன்னாயா?” என்பார்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். கோடைகாலம். எல்லையைத் தாண்டி வந்த ஒரு பஸ்ஸில் இருந்து ஒரு பெண்ணையும் சிறு பிள்ளையையும் இறக்கியிருந்தார்கள். கையில் வேறொருத்தியின் கடவுச்சீட்டு. நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது பெண் மட்டும்தான் இருந்தாள். சேலைக்கு மேலே கழுத்துவரை பூட்டிய ஆண்பிள்ளைக் குளிர்ச்சட்டை. காலில் செருப்பு. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டாள்.

“அண்ணை, பிள்ளை எங்கை?”

டேனிஷில் சொன்னேன். ஹோல்கர் கோப்பி ஊற்றிக்கொண்டே, பிள்ளையை நகரசபையின் சிறுவர் இல்லத்துக்குக் காரில் அனுப்பிவிட்டதாகவும், அங்கே விளையாட்டுச் சாமான் நிறைய இருப்பதாகவும் சொன்னார். “அவளிடம் சொல்லு, பனிக்கட்டியில் மாடு இல்லை.”

இங்கரின் வாயில் எனக்கு அவ்வளவு பிடித்த சொல். “பயப்பட ஒண்டுமில்லை எண்டு சொல்லுறார்” என்று மொழிபெயர்த்தேன். மாடு நடுக்குளத்தில் நின்றுகொண்டிருந்தது.

கடவுச்சீட்டு தன்னுடையது அல்ல என்று அவள் உடனே ஒத்துக்கொண்டாள். பெயர் கேட்டார். “புவனேஸ்வரி. கந்தையா புவனேஸ்வரி.” அப்பாவின் பெயரை முன்னால் வைத்துச் சொன்னாள். ஏன் வந்தாய் என்று கேட்டார்.

“பிள்ளையின்ர அப்பா இஞ்சை டென்மார்க்கிலை இருக்கிறார். எங்களைக் கூப்பிடுறதுக்கு எழுதிப்போட்டுக் கன காலம். ஒரு மறுமொழியும் இல்லை. இனி அங்கை இருக்கேலாது அண்ணை.”

“கணவரின் பெயர் என்ன?”

அவள் குனிந்தாள். நான் திருப்பிக் கேட்டேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் இன்னும் எத்தனையோ பெண்கள் புருசனின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். இஞ்சருங்கோ, பிள்ளையின்ர அப்பா, எங்கட வீட்டிலை, அவர். வெளியில் ஆரும் கேட்டால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைத் தட்டி, “அப்பாவின்ர பேரைச் சொல்லு ராசாத்தி” என்பார்கள். பிள்ளை சொல்லும். சோலி முடிந்தது. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று வளர்க்கப்பட்ட வாய் அது. அந்த நம்பிக்கை சரியா பிழையா என்று வாதாட நான் வரவில்லை. அவர் உயிரோடு இருக்கவேண்டும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

“எழுதிக் காட்டுவீங்களே பிள்ளை?” என்றேன்.

“அண்ணை, எழுத்து எனக்கு அவ்வளவு வராது. வந்தாலும் எப்பிடி எழுதிறது? பிள்ளையைக் கூப்பிடுங்கோ. அவள் சொல்லுவாள். ஊர்ப் பேரும் சொல்லுவாள். எனக்கு அந்த ஊர்ப் பேர் வாயிலை வராது. என்ரை தம்பி அவளுக்குப் பாடமாக்கி விட்டவன்.”

அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தேன். ஹோல்கர் தலையை ஆட்டினார். “சிறு பிள்ளையை விசாரிப்பதில்லை.”

நான் இருமினேன்.

“என்ன, என் பெயரைச் சொன்னாயா?”

“சொல்லமுடியாமல்தான் இருமினேன். இவளுக்கும் அதேதான். பிள்ளையைக் கூப்பிட்டால் ஒரு நிமிடத்தில் முடியும்.”

அவர் சிரிக்கவில்லை. “நீ மொழிபெயர்ப்பாளன், சாட்சி அல்ல” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இரண்டு விரலால் அடித்தார். வாசித்தும் காட்டினார்: ‘கணவரின் பெயரைக் கூற மறுத்தார்.’

“சரியா?”

சரியில்லை என்றேன். “கேள்வி கேட்டேன், பதில் வரவில்லை, அதற்குப் பெயர் மறுப்பு” என்றார் ஹோல்கர். அவளுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியது என் கடமை. சொன்னேன். “மறுக்கேல்லையே அண்ணை, பிள்ளையைத்தானே கேட்டனான்” என்றாள். அதையும் டேனிஷில் சொன்னேன். அது தட்டச்சில் ஏறவில்லை. அவளுடைய கோப்பி தொடப்படாமல் ஆடை கட்டியிருந்தது.

அந்த ஒரு சொல்லின் விலை என்ன என்று விளங்கவேண்டும். இங்கே சட்டப்படி வசிக்கிற ஒருவரின் மனைவி என்று நிரூபணமானால் அவளை விடுவிக்கச் சொல்லிச் சட்டத்தரணி வாதாடலாம். அப்படி ஆரும் இல்லை, பெயரும் சொல்ல மறுக்கிறாள் என்றால், நீதிமன்றம் முடிந்த கையோடு எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவார்கள். அதற்குப் பிறகு எந்த நாடு, எந்த விமானம், கடவுளுக்கே வெளிச்சம்.

வீட்டுக்கு வந்தேன். பொழுது படாத கோடைப் பின்னேரம். கதவு மணி அடித்தது. வாசலில் முன்பின் தெரியாத ஒரு பொடியன், முப்பது வயது இருக்கும். இறைச்சித் தொழிற்சாலையின் வெள்ளைக் காற்சட்டையோடு அப்படியே ரயில் ஏறி விபோர்க்கில் இருந்து வந்திருந்தான். பெயர் தர்மலிங்கம். அந்தப் பஸ்ஸில் வந்து தப்பிய ஆரோ ஒருவன் அவனுக்குத் தொலைபேசி எடுத்து, அவனுடைய மனைவியையும் பிள்ளையையும் இறக்கிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான்.

“அண்ணை, பொலிசிலை போய்க் கேட்டன். தர்மலிங்கம் புவனேஸ்வரி எண்டு சொன்னன். பெஞ்சாதி எண்டும் சொன்னன். அப்பிடி ஒருத்தர் இல்லையாம்.”

கலியாணம் கட்டிய பெண்ணின் பெயருக்கு முன்னால் வருவது புருசனின் பெயர். ஆகவே அவன் தன் பெயரை வைத்துத் தேடுகிறான். அவளோ அந்தப் பெயரைச் சொல்லமுடியாமல், அப்பாவின் பெயரை வைத்துத் தன்னைச் சொல்லியிருக்கிறாள். பொலிஸ்காரன் பொய் சொல்லவில்லை. அவனிடம் இருந்தது கந்தையா புவனேஸ்வரி. பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையோடு பிடிபட்ட தமிழ்ப் பெண் ஒருத்திதான் அங்கே இருக்கிறாள் என்று யோசித்துப் பார்க்க அவனுக்கு ஒரு நிமிடம் போதும். யோசிக்கச் சொல்லி அவனுக்கு ஆரும் சம்பளம் கொடுக்கவில்லை.

“நீங்கள் இண்டைக்கு அங்கை போனனீங்களோ அண்ணை? ஒரு பொம்பிளையைக் கண்டனீங்களோ?”

விசாரணை அறையில் கேட்டதை வெளியில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கையெழுத்து வைத்தவன் நான். இன்று ஒருவனுக்கு இரங்கி வாயைத் திறந்தால், நாளைக்கு என் முன்னால் இருந்து எந்தத் தமிழனும் உண்மை பேசமாட்டான்.

“தம்பி, அங்கை நடந்தது ஒண்டும் நான் சொல்லேலாது. எல்லாருக்கும் சொல்லுறதைத்தான் உமக்கும் சொல்லுறன். நாளைக்குக் காலமை நீதிமன்றத்துக்குப் போம். கதவு திறந்த கதவு. போய் இரும்.”

“ஓமோ இல்லையோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அண்ணை!”

“ஏலாது தம்பி.”

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. “அவங்கட கோப்பியைக் குடிச்சுக் குடிச்சு நீங்களும் அவங்களாயிட்டியள். உங்கட பெஞ்சாதி உள்ளை தேத்தண்ணி போடுறா. அதுதான் உங்களுக்கு விளங்கேல்லை.”

என் மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்றாள். “குடிச்சிட்டுப் போங்கோ தம்பி, மூஞ்சியைப் பார்க்கச் சாப்பிடேல்லைப் போலை இருக்கு” என்றாள். அவன் இறங்கிப் போய்விட்டான். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

“ஆள் சொன்னதிலை என்ன பிழை?” என்று மனைவி கேட்டாள். அவனுக்குப் போட்ட தேத்தண்ணியை நானே எடுத்துக் குடித்தேன்.

மறுநாள் காலை. அந்த ஊரில் பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும் ஒரே கட்டிடம். பிடிபட்டவர்களை உட்பக்கக் கதவால் கொண்டு போவார்கள். நானும் அந்தப் பக்கத்தால்தான் போவேன். முதலில் ஒரு சிறு அறையில் கிர்ஸ்டன் என்ற இளம் சட்டத்தரணி. அரசாங்கம் புவனேஸ்வரிக்கென்று நியமித்த ஆள். கிர்ஸ்டன் கேட்டாள், புவனேஸ்வரி சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். அதே வாக்கியம்: பிள்ளையைக் கூப்பிடுங்கோ, அவள் சொல்லுவாள். கிர்ஸ்டன் பேனையை வைத்துவிட்டு, “பிள்ளை எங்கே?” என்றாள். இந்த நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் உத்தியோகத்தர் அவள்.

விசாரணை தொடங்கியது. நான் பின்னால் இருந்த வாங்கைப் பார்த்தேன். வெறும் வாங்கு. அவன் வரவில்லை. என்மேல் உள்ள கோபத்தில் திரும்பிப் போய்விட்டான் என்று நினைத்தேன்.

ஹோல்கர் தன் அறிக்கையை வாசித்தார். மறுத்தார் என்ற சொல் வந்தது. கிர்ஸ்டன் எழுந்து, என் கட்சிக்காரர் மறுக்கவில்லை, பிள்ளை மூலம் சொல்லக் கேட்டிருக்கிறார், பிள்ளையை ஏன் பிரித்தீர்கள், இப்போதே கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள். நீதிபதி வயதானவர். தடிமன் பிடித்து மூக்கு ஒழுக, கைலேஞ்சியும் கையுமாக இருந்தார். ஹோல்கரைப் பார்த்து, “சிறுவர் இல்லம் தூரமா?” என்று கேட்டார். பக்கத்துத் தெரு என்றார் ஹோல்கர். “அப்படியானால் காத்திருப்போம்.”

எங்களை அறையை விட்டுப் போகவேண்டாம் என்றார்கள். இருந்தோம். பிறகு வெளிக்கதவால், சிறுவர் இல்லத்து மனுசி ஒருத்தி பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். நாலு வயது இருக்கும். வதனி என்று பெயர். இல்லத்தில் கொடுத்த சிவப்பு மழைச்சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தாயைக் கண்டதும் ஓடி வந்து மடியில் முகத்தைப் புதைத்தாள்.

நீதிபதி மூக்கைத் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி இருந்து மொழிபெயர்த்தேன்.

“பிள்ளை, அப்பாவின்ர பேர் என்னம்மா?”

பிள்ளை என்னைப் பார்த்தாள். “அப்பா” என்றாள்.

ஹோல்கர் நாற்காலியில் சாய்ந்தார். இன்னொருமுறை கேட்டேன். “அப்பா.” அவள் பிறக்கமுன் நாட்டை விட்டவர் தகப்பன். அவளுக்கு அப்பா என்பதே ஒரு பெயர்தான்.

அப்போது தாய் வாய் திறந்தாள். “அண்ணை, அப்பிடிக் கேட்டா அவளுக்குத் தெரியாது. தம்பி எப்பவும் கேக்கிற மாதிரிக் கேளுங்கோ. ‘நீ ஆற்ற பிள்ளை’ எண்டு கேளுங்கோ.”

யாருடைய பிள்ளை என்று ஊரில் கேட்கிற கேள்வி அது என்று நீதிபதிக்குச் சொன்னேன். அவருடைய கேள்வியை மாற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லை, அனுமதி வேண்டும் என்றும் சொன்னேன். இது கற்றுக்கொடுத்த பதில் என்று ஹோல்கர் குறுக்கிட்டார். நீதிபதி அவரைப் பார்த்து, “என் பேரப்பிள்ளைக்கும் வீட்டு விலாசத்தைக் கற்றுத்தான் கொடுத்திருக்கிறோம்” என்றார். பிறகு என் பக்கம் தலையசைத்தார்.

“பிள்ளை, நீ ஆற்ற பிள்ளை?”

கையைக் கட்டிக்கொண்டு, தேவாரம் பாடுகிற பிள்ளையைப் போல நேராக நின்று, நீதிமன்றம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

“நான் டென்மார்க் விபோர்க் தர்மலிங்கத்தாற்ற பிள்ளை!”

நீதிபதி எழுதினார். அதே பெயரில் விபோர்க்கில் ஒருவர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் விசாரிக்கும்படி ஹோல்கருக்குச் சொன்னார். அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. திறந்த நீதிமன்றத்தில் பெயர் சொல்லப்பட்டாயிற்று. இனி அது என் நெஞ்சுக்குள் இருக்கும் இரகசியம் அல்ல. அவன் திரும்பிப் போகாமல் வெளியே நிற்கவும் கூடும். எழுந்தேன்.

“கனம் நீதிபதி அவர்களே, அந்தப் பெயருள்ளவர் இந்தக் கட்டிடத்திலேயே இருக்கலாம். எங்கள் நாட்டில் நீதிமன்ற வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட அனுமதி தாருங்கள்.”

அவர் கைலேஞ்சியை அசைத்தார். போய்க் கதவைத் திறந்தேன்.

நடைவழியில், சுவரோடு போட்ட நாற்காலியில், கதவுக்கு நேர் எதிரே, வெள்ளைக் காற்சட்டையோடு அவன் இருந்தான். விடியற்காலை முதல் அங்கேயே இருக்கிறான். ‘கதவு திறந்த கதவு’ என்று நான் சொன்னேன். வந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. டென்மார்க்கில் திறந்த நீதிமன்றத்தின் கதவையும் எப்போதும் சாத்தித்தான் வைப்பார்கள், தள்ளிக்கொண்டு போகவேண்டும். எங்கள் ஆள் எவன் நீதவான் இருக்கிற அறைக் கதவைத் தள்ளுவான்? பெயரைக் கூப்பிடும்வரை வெளியே நிற்பதுதானே எங்களுக்குத் தெரிந்த நீதிமன்றம்? அவன் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான்.

யாழ்ப்பாணத்து நீதிமன்றச் சேவகன் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

“தர்மலிங்கம்! தர்மலிங்கம்! தர்மலிங்கம்!”

இரண்டு அடி தூரத்தில் இருந்தவன் துள்ளி எழுந்து, “ஓம் ஐயா!” என்றான்.

உள்ளே வந்தவன் மனைவியைப் பார்க்கவில்லை. சிவப்பு மழைச்சட்டையைப் பார்த்து அப்படியே நின்றான். “அண்ணை, இந்தப் பிள்ளையை இப்ப ஒரு வெள்ளைக்காரி கையிலை பிடிச்சுக்கொண்டு போனவ. எங்கட பிள்ளை ஒண்டு எண்டு சிரிச்சனான். எனக்குக் கிட்டத்தாலை போச்சுது அண்ணை. என்ரை முழங்காலிலை முட்டிக்கொண்டு போச்சுது.”

இவர் உன் கணவரா என்று கேட்கச் சொன்னார் நீதிபதி. புவனேஸ்வரி தலையை நிமிர்த்தவில்லை.

“ஓம் அண்ணை. பிள்ளை சொன்னவர்தான்.”

அவளை விடுவித்தார்கள். மூவரும் விபோர்க்குக்கு ரயில் ஏறினார்கள். ஸ்டேசனில் தர்மலிங்கம் என் கையைப் பிடித்து, “நேற்று வாய்க்கு வந்தபடி கதைச்சிட்டன் அண்ணை” என்றான். “கதைக்க வேண்டிய இடத்திலை கதைக்காம என்னோடை கதைச்சீர்” என்றேன். ரயில் போகும்வரை பிள்ளை தகப்பனுக்கு முகம் காட்டவில்லை. பழகச் சில மாதம் எடுத்ததாம். புவனேஸ்வரி விபோர்க்கில் குசினியில் சோறு சமைத்துக்கொண்டிருந்த காலத்திலும் அவளை அழைக்கும் விண்ணப்பம் பரிசீலனையில்தான் இருந்தது.

சுபம் என்று இங்கே முடித்தால் நான் பொய்யன். தடிமன் பிடித்த ஒரு நீதிபதியும் ‘பிள்ளை எங்கே’ என்று கேட்ட ஒரு சட்டத்தரணியும் அன்று அமைந்தார்கள். அமையாமல் போன நாட்களிலும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அந்தப் பெண்களின் பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சொல்லமாட்டேன், சத்தியம் செய்தவன். பெரிய விவகாரம் வெடித்தபோது மேலே இருந்தவரை எல்லாரும் ஏசினார்கள், சரிதான். ஆனால் ஒரு சனத்துக்கு மறுமொழி சொல்லாமல் இருக்கலாம் என்று மேலே முடிவாகிவிட்டால், கீழே தட்டச்சுப் பொறியை நேராக வைத்துக் கோப்பி ஊற்றுகிற நல்ல மனிதருக்கும் அந்தச் சனம் சொல்லும் மறுமொழி காதில் ஏறாது. அதை எந்த விசாரணைக் குழுவும் எழுதவில்லை.

அன்று பின்னேரம் ஹோல்கரின் அறைக்குப் போனேன். இருமவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, “ஹோல்கர்” என்று கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மறுத்தார் என்று எழுதியிருக்கிறாய். அதை வெட்டு.”

“நான் கேட்டேன், அவள் பதில் சொல்லவில்லை.”

“பதிலைத்தான் நீ காரில் ஏற்றிப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டாயே.”

அவர் தட்டச்சுப் பொறியை மேசை விளிம்புக்கு நேராகத் தள்ளி வைத்தார். “பரிசீலிக்கிறேன்” என்றார்.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். வதனிக்கு இப்போது அந்த வயதில் ஒரு பிள்ளை இருக்கிறாள். புவனேஸ்வரி கணவரின் பெயரைக் கூற மறுத்தார் என்பது எங்கோ ஒரு கட்டிடத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்னும் பரிசீலனையில் உள்ளது.